தாவரச் சேர்மங்களும் புற்றுநோய் செல்லின் மரணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ப் பிரிவில் மருந்து கலந்து கொடுக்கும் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். மருந்து சொட்டுச் சொட்டாக ஏறி முடிய மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் கட்டிலுக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் மகனோ மகளோ கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டி, "இது உண்மையா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது ஏதாவதொரு செடியைப் பற்றியதாகவே இருக்கும். அவர்கள் அன்பினாலும் பயத்தினாலும் கேட்கிறார்கள். வேலைக்கு நடுவே அரைகுறையாகச் சொல்ல நேர்ந்த பதில்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, இங்கே நிதானமாகத் தருகிறேன்.

செடியில இருக்குற பொருள் புற்றுநோய் செல்லைக் கொல்லும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். நான் அன்றாடம் கையாளும் மருந்துகளிலேயே பல தாவரத்தில் பிறந்தவை. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகிய இரண்டும் நித்தியகல்யாணியிலிருந்து வந்தவை. பாக்லிடாக்சல் அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையில் கண்டறியப்பட்டது. இரினோடெகான், டோபோடெகான் ஆகியவற்றின் மூலப்பொருளான கேம்ப்டோதெசின் ஒரு சீன மரத்திலிருந்தும், எடோபோசைடின் மூலப்பொருள் போடோபில்லம் என்ற செடியின் கிழங்கிலிருந்தும் கிடைத்தவை.

ஆகவே "மூலிகையா, கீமோவா" என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்தச் சேர்மம், எவ்வளவு, எந்த வழியாக, எந்தப் புற்றுநோய்க்கு என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த நான்கையும் சுற்றியே அமைந்திருக்கும்.

செல் தானாவே செத்துப்போகும்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அது எப்படி?

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் தன்னைத் தானே முடித்துக்கொள்வதற்கான ஏற்பாடு இருக்கிறது. ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டர் கர்ரி ஆகிய மூவரும் 1972இல் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. கருவில் இருக்கும் குழந்தையின் கை முதலில் துடுப்புப் போல் இருந்து, விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் இவ்வாறு உதிர்வதால்தான் ஐந்து விரல்களாகப் பிரிகிறது. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் வளர்ச்சியில் உருவாகும் 1090 உடற்செல்களில் சரியாக 131 செத்துவிடுகின்றன. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே எண்ணிக்கைதான். இந்தப் புழுவை வைத்து இதன் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காகவே சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்விட்ஸ், ஜான் சல்ஸ்டன் ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த மரணம் அமைதியாக நடப்பது தெரியும். செல் சுருங்குகிறது, அதன் மேற்பரப்பில் குமிழ்கள் கிளம்புகின்றன, உள்ளிருக்கும் டிஎன்ஏ துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது, கடைசியில் செல் சிறு பொட்டலங்களாகப் பிரிய, அக்கம்பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. தீக்காயத்திலோ இரத்த ஓட்டம் நின்ற இடத்திலோ செல் வெடித்துச் சாவது வேறு வகை. அதில் உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டிச் சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கும்.

அப்படின்னா புற்றுநோய் செல் மட்டும் ஏன் சாகாம பெருகிக்கிட்டே போகுது?

அந்த ஏற்பாட்டின் ஏதோ ஒரு கண்ணியை அது அறுத்திருப்பதால்தான். டிஎன்ஏ பழுதானதைக் கவனித்து, சரிசெய்ய முடியாவிட்டால் மரணத்துக்கு உத்தரவிடும் புரதம் பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதன் மரபணு கெட்டுப்போயிருக்கிறது. வேறு சில புற்றுநோய்கள் பிசிஎல்-2 என்ற புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கின்றன. மரண உத்தரவு வந்தாலும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் கதவைத் திறக்கவிடாமல் அது காவல் நிற்கும்.

கதவு திறந்தால் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம்-சி என்ற புரதம் வெளியேறும். அது காஸ்பேஸ் எனப்படும் நொதிகளைத் தட்டி எழுப்பும். அந்த நொதிகள் செல்லின் புரதங்களை வெட்டித் தள்ளும். இது உட்பாதை. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளில் வெளியிலிருந்து சமிக்ஞை வந்து ஒட்டிக்கொள்வதால் தொடங்கும் வெளிப்பாதையும் இதே காஸ்பேஸ்களில்தான் வந்து சேர்கிறது.

சரி, செடியில இருந்து வந்த மருந்து உள்ளே போய் என்ன பண்ணும்? நேரா அந்தக் கதவைத் திறந்துடுமா?

பெரும்பாலும் நேராகத் திறப்பதில்லை. செல்லால் சமாளிக்க முடியாத ஒரு சிக்கலை உண்டாக்கி, வேறு வழியில்லாமல் அது மரணப் பாதையில் இறங்கும்படி செய்கின்றன. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க நுண்குழல்களால் ஆன கதிர் ஒன்று உருவாகும். டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் சேர்ந்து நீள்வதும் கழன்று குறுகுவதுமாக இந்த நுண்குழல்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். வின்கிரிஸ்டின் அந்தத் துண்டுகளைச் சேரவிடாது. பாக்லிடாக்சலோ சேர்ந்தவற்றைக் கழலவிடாது. இரண்டும் நேர் எதிரான செயல்கள் என்றாலும் விளைவு ஒன்றே. செல் பிரிய முடியாமல் நடுவில் சிக்கிக்கொள்கிறது, அல்லது தப்பும் தவறுமாகப் பிரிகிறது. பிறகு, முந்தைய பதிலில் சொன்ன உட்பாதை திறக்கிறது.

கேம்ப்டோதெசின் வகையும் எடோபோசைடும் வேறு இடத்தில் கை வைக்கின்றன. டிஎன்ஏ முறுக்கேறும்போது அதை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மறுபடி ஒட்டும் வேலையை டோபோஐசோமரேஸ் என்ற நொதிகள் செய்கின்றன. வெட்டிய பிறகு ஒட்டவிடாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. வெட்டுகள் சேரச் சேரச் செல் தாங்காமல் சாகிறது.

கீமோ மருந்தே நித்தியகல்யாணியில இருந்துதான் வருதாமே. எங்க வீட்டு வாசல்லயே பூத்துக் கிடக்கு. அதைக் கஷாயம் போட்டுக் குடிச்சா என்ன?

தயவுசெய்து வேண்டாம். மற்ற எந்தப் பதிலைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் செடி மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. பல நாடுகளில் மக்கள் இதைச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். 1950களில் ஜமைக்காவிலிருந்து ஓர் உறையில் வந்த இலைகளைக் கொண்டு, கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதைச் சோதித்தார். சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரையில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஊசி வழியாகச் செலுத்தியபோதோ வெள்ளை அணுக்கள் சரிந்து, எலிகள் தொற்றுநோயால் செத்தன. வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் வெள்ளை அணுப் புற்றுநோய்க்கு உதவுமே என்று எண்ணி, அவரும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். எலை லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதே செடியில் இறங்கி வின்கிரிஸ்டினைக் கண்டறிய, அது 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயான ஏஎல்எல், அன்று ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் கொன்றுகொண்டிருந்தது. இன்று வசதியான மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள் என்றால், அந்தக் கூட்டு மருந்துகளில் வின்கிரிஸ்டின் தவறாமல் இடம்பெறுகிறது.

இப்போது கஷாயத்துக்கு வருகிறேன். இந்தச் செடியில் ஆல்கலாய்டு எனப்படும் வீரியமான தாவரச் சேர்மங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் வின்கிரிஸ்டின் மிக மிகச் சொற்பம். சில கிராம் எடுக்கவே டன் கணக்கில் உலர்ந்த இலை வேண்டும். அதற்காகவே நம் தென்மாவட்ட வறண்ட நிலங்களில் மானாவாரியாக இதைப் பயிரிட்டு விற்கிறார்கள். ஆகவே உங்கள் டம்ளரில் மருந்தும் போதுமான அளவு இருக்காது. மற்ற ஆல்கலாய்டுகள் எவ்வளவு இருக்கும் என்றும் யாராலும் சொல்ல முடியாது.

நான் கையில் எடுக்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டர் நிறமற்ற திரவம். அதில் ஒரு மில்லிகிராம் மருந்து. பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. ஒரு சிட்டிகை உப்பின் எடையில் நூறில் ஒரு பங்கைவிட அது குறைவு. அந்த அளவிலேயே சிலருக்குக் கால் விரல்கள் மரத்துப்போகும், மலச்சிக்கல் வாட்டும், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் குழந்தைகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். இதே மருந்தை இரத்தக்குழாய்க்குப் பதில் தவறுதலாகத் தண்டுவடத்தில் செலுத்தினால் உயிரே போய்விடும். அதனால்தான் சிரிஞ்சில் தராமல் சிறு உப்புநீர்ப் பையில் கலந்து, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி அனுப்புகிறோம்.

இயற்கையா விளைஞ்சது எப்படிங்க கெடுதல் பண்ணும்?

செடி இந்தச் சேர்மங்களை நமக்காக உண்டாக்கவில்லை. தன்னை மேய வருவதை விரட்டுவதற்காக உண்டாக்கியது. நித்தியகல்யாணியை ஆடுமாடு தொடாததற்குக் காரணமும் அதுதான். செல்லைக் கொல்லும் ஆற்றலும் நஞ்சும் ஒரே குணத்தின் இரண்டு பெயர்கள்.

ஆப்ரிகாட் பருப்பில் உள்ள அமிக்டலினை "வைட்டமின் பி17" என்று பெயர் சூட்டி இன்றும் விற்கிறார்கள். அது வைட்டமினே அன்று. 1982இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 178 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தபோது, நோய் குணமாகவும் இல்லை, வாழ்நாள் நீளவும் இல்லை. உடலில் அது சயனைடாக மாறுவதால் சிலருடைய இரத்தத்தில் நஞ்சின் அளவை நெருங்கும் சயனைடு காணப்பட்டது.

பாக்லிடாக்சல் மரப்பட்டையில இருந்து எடுத்ததுன்னு சொன்னீங்க. இன்னமும் மரத்தை வெட்டித்தான் எடுக்குறாங்களா?

இல்லை. 1962இல் வாஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரித்த பட்டையிலிருந்து மன்றோ வால், மன்சுக் வாணி ஆகியோர் இதைப் பிரித்து, 1971இல் அமைப்பை வெளியிட்டார்கள். நுண்குழல்களைக் கழலவிடாமல் தடுக்கும் இதன் புதுமையான செயலை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் காட்டினார். 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. பட்டையை உரித்தால் மெதுவாக வளரும் அந்த மரம் செத்துவிடும் என்பதால், ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் நெருங்கிய சேர்மத்தை எடுத்து ஆய்வகத்தில் மாற்றியமைக்கும் முறை வந்தது. இலை மறுபடி துளிர்க்கும். தொட்டிகளில் தாவரச் செல்களை வளர்த்தும் இப்போது தயாரிக்கிறார்கள்.

மஞ்சள் புற்றுநோய் செல்லைக் கொல்லுதுன்னு ஆராய்ச்சியே வந்திருக்கே, அதுவும் பொய்யா?

பொய் அன்று. மஞ்சளில் உள்ள குர்குமினைக் கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுநோய் செல்கள் மீது விட்டால் அவற்றில் பல, மேலே விவரித்த முறையிலேயே செத்துப்போகின்றன. ஆனால் அந்தத் தட்டில் வழக்கமாக இருக்கும் செறிவு 10 முதல் 50 மைக்ரோமோல். தைவானில் 2001இல் வெளியான ஆய்வில் ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் வாய்வழியாகக் கொடுத்தும் இரத்தத்தில் உச்ச அளவு சராசரியாக 2 மைக்ரோமோலைக்கூட எட்டவில்லை. சில மணி நேரத்தில் அதுவும் மறைந்துவிட்டது. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 8 கிராம் பெறத் தினமும் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும்.

குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் கல்லீரல் உடனே வேறு பொருளாக மாற்றிக் கழித்துவிடுகிறது. குடலின் உட்சுவரில் குர்குமின் நேரடியாகப் படுகிறது என்பதால் பெருங்குடல் தொடர்பான ஆய்வுகள் தொடர்வதில் நியாயம் இருக்கிறது. அதைத் தவிர, சாம்பாரிலும் பாலிலும் போடும் மஞ்சளை உணவாக மகிழ்ச்சியோடு சாப்பிடுங்கள். கட்டி கரையும் என்ற நம்பிக்கையை மட்டும் அதன் மேல் ஏற்ற வேண்டாம்.

மஞ்சளோட மிளகு சேர்த்தா 2000 சதவீதம் கூடுமாமே?

அந்த எண் 1998இல் பெங்களூரில் செய்த ஆய்விலிருந்து வந்தது. 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பிப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு அவ்வாறு கூடியது. தனியாகக் கொடுத்தபோது கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதால், அதன் 20 மடங்கும் சிறிய அளவே.

எனக்குக் கவலை தருவது வேறு. அந்நியப் பொருள்களைச் சிதைக்கும் நொதிகளையும், அவற்றைக் குடலில் திருப்பித் தள்ளும் புரதங்களையும் பிப்பரின் அடக்குகிறது. அதனால்தான் குர்குமின் தப்பிப் பிழைக்கிறது. பல கீமோ மருந்துகளையும் உடல் கழிப்பது இவற்றின் மூலமாகத்தான். மிளகு ரசத்தைப் பற்றி நான் பேசவில்லை. பிப்பரின் சேர்த்த மாத்திரைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

முள்சீத்தா கீமோவை விட 10,000 மடங்கு சக்தின்னு குரூப்ல வந்துச்சு. இலையைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

1990களில் முள்சீத்தாவின் விதையிலிருந்து பிரித்த ஒரு தனிச் சேர்மம், பெருங்குடல் புற்றுநோய் செல் வகை ஒன்றின் மேல் கண்ணாடித் தட்டில் அவ்வாறு செயல்பட்டது. அந்த ஒரு வரி "பழம் சாப்பிட்டால் புற்றுநோய் குணம்" என்று மாறி ஊர் சுற்றுகிறது.

இந்தக் குடும்பத்தின் முக்கியச் சேர்மமான அன்னோனாசின், மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தியை முடக்குகிறது. நரம்புச் செல்லுக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. கரீபியத் தீவான குவாதலூப்பில் இப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வெகுகாலம் அதிகமாக உட்கொண்டவர்களிடம் வழக்கத்துக்கு மாறான பார்க்கின்சன் வகை நோய் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிட்டவர் பயப்பட வேண்டாம். நாள்தோறும் கஷாயம் குடிப்பதுதான் ஆபத்து.

கெட்ட செல்லை மட்டும் தேடிக் கொன்னுட்டு நல்ல செல்லை விட்டுடும்னு விளம்பரத்துல போட்டிருக்கே?

அப்படிப்பட்ட தாவரச் சேர்மம் எதையும் நான் கையாண்டதில்லை. நுண்குழலோ டோபோஐசோமரேஸோ எல்லாச் செல்களிலும் இருக்கின்றன. வேகமாகப் பிரியும் செல்கள் அதிகமாக மாட்டிக்கொள்வதால் புற்றுநோய் முதலில் அடிபடுகிறது. கூடவே முடியின் வேரும் எலும்பு மஜ்ஜையும் குடலின் உட்சுவரும் அடிபடுகின்றன. நரம்புச் செல் பிரிவதே இல்லை. ஆனால் தன் நீண்ட இழையில் பொருள்களைக் கொண்டுசெல்ல நுண்குழல்களை நம்பியிருப்பதால்தான் முன்பு சொன்ன மரத்துப்போதல் வருகிறது. பலனுக்கும் பாதிப்புக்கும் நடுவே இருக்கும் ஒடுங்கிய இடைவெளியில் அளவை நிறுத்துவதே மருத்துவரும் நாங்களும் செய்யும் வேலை. பெயரும் அளவும் எழுதாத பொடியில் அந்த இடைவெளியை யாராலும் காண முடியாது.

கீமோவும் போகட்டும், கூடவே மூலிகையும் எடுக்கட்டும். ரெட்டைப் பலன்தானே?

சில சமயம் ஒன்று மற்றொன்றின் பலனைத் தின்றுவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை இரினோடெகானுடன் எடுத்தவர்களின் இரத்தத்தில், இரினோடெகானின் செயல்படும் வடிவம் 42 சதவீதம் குறைந்தது. நொதிகளைத் தூண்டி மருந்தை வேகமாக அது கழிக்கவைத்தது. பிப்பரின் செய்வதற்கு இது நேர் எதிர். பச்சைத் தேயிலையின் முக்கியச் சேர்மமான இஜிசிஜி, பொர்டெசோமிப் என்ற மருந்தோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வதை 2009இல் செல்களிலும் எலிகளிலும் காட்டினார்கள். தனித்தனியே இரண்டுமே புற்றுநோய் செல்லைக் கொல்லக்கூடியவை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

"கெடுதல் இல்லாத சத்து மாத்திரைதானே" என்பவர்களுக்கு ஃபின்லாந்து ஆய்வைச் சொல்வேன். புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த அந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. கேரட்டில் இருக்கும் அதே பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது.

கீமோவே வேண்டாம், மூலிகை மட்டும் போதும்னு அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். என்ன சொல்றது?

அவருடைய பயத்தை முதலில் கேளுங்கள். வாந்தியா, முடி கொட்டுவதா, செலவா என்று தெரிந்தால் அதற்கு வழி இருக்கலாம். பிறகு இதைச் சொல்லுங்கள். பரவாத நிலையில் இருந்த மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்கு மாற்றுச் சிகிச்சையை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டு யேல் பல்கலைக்கழகத்தினர் 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். மாற்றுச் சிகிச்சையை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தவர்கள் அவர்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

"அப்போப்டோசிஸைத் தூண்டுகிறது"ன்னு ஒரு கட்டுரையில போட்டிருந்தா, அதை எப்படி எடைபோடுறது?

முதலில், தட்டிலா, எலியிலா, மனிதரிலா என்று பாருங்கள். தட்டு என்றால் செறிவைப் பாருங்கள். குர்குமினுக்குச் செய்ததுபோல அந்த அளவு இரத்தத்தில் சாத்தியமா என்று கேளுங்கள். சாதாரண செல்கள் மீதும் அதே பொருளைப் போட்டுப் பார்த்தார்களா என்பது அடுத்தது. உப்பைக் கொட்டினாலும் தட்டில் செல் சாகும். குர்குமின் போன்ற சில சேர்மங்கள் தாமே ஒளிர்வதாலும், கண்ட புரதங்களோடெல்லாம் ஒட்டுவதாலும் சோதனைக் கருவியையே ஏமாற்றக்கூடியவை.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தாவரச் சாறுகளைச் சோதித்தது. அவற்றிலிருந்து கடைசிவரை தேறி நோயாளியின் கைக்கு வந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாக்லிடாக்சல் அவற்றுள் ஒன்று. அதற்கும் பட்டையிலிருந்து குப்பிக்கு வர 30 ஆண்டுகள் ஆயின.

மூலிகை எடுக்குறதை டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரோன்னு மறைச்சுட்டோம். இப்போ என்ன பண்றது?

அடுத்த கீமோவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். மருத்துவரிடம் தயக்கமாக இருந்தால் செவிலியரிடமோ எங்களிடமோ சொல்லலாம். ஒரு பெரியம்மாவுக்குக் கல்லீரல் பரிசோதனை எண்கள் திடீரென்று ஏறி, மூன்று வாரம் மருந்தை நிறுத்திவைக்க நேர்ந்தது. காரணம் புரியாமல் நாங்கள் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய மருமகள் துணிப்பையிலிருந்து அமுக்கரா மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தார். அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதிப்பது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. நிறுத்திய பிறகு எண்கள் இறங்கின, கீமோ தொடர்ந்தது. யாரும் அவரைத் திட்டவில்லை.

பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே, பொட்டலத்தையே கொண்டு வாருங்கள். எப்போது தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, கடைசியாக எடுத்தது என்றைக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கீமோ அட்டையோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். மருந்து கலப்பதற்கு முன்னால் நான் பார்ப்பது அந்த அட்டையைத்தான்.